2011 தாய்லாந்து வெள்ளத்தில் மாட்டிய மாணவன் சொல்கிறேன்: தங்கையை அனுப்பலாம், ஆனால் முதல் மாடி வேண்டாம்

கேட்டது இதுதான். தங்கைக்குப் பாங்காக்குக்கு வடக்கே பதும் தானியில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை இடம் கிடைத்திருக்கிறது, ஆகஸ்டில் சேர வேண்டும். 2025 நவம்பரில் ஹாட் யாய் மூழ்கிய காட்சிகளைப் பார்த்ததிலிருந்து அம்மா வேண்டாம் என்கிறார். 2011 வெள்ளத்தின்போது அங்கே படித்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அனுப்பலாமா, அனுப்பினால் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

நான் 2011 ஆகஸ்டில் அதே பதும் தானியில் போய் இறங்கியவன். இறங்கிய பதினோராவது வாரத்தில் என் அறையில் மார்பளவு தண்ணீர். படிப்பை முடித்து இன்று வரை நீர்வளத் துறையில்தான் வேலை பார்க்கிறேன். அன்று புரியாமல் பட்டது பாதி, பிறகு வேலையில் புரிந்துகொண்டது பாதி, இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன். நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பலாம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அம்மா தொலைக்காட்சியில் பார்த்த வெள்ளமும் தங்கை போகிற ஊருக்கு வரக்கூடிய வெள்ளமும் ஒரே சாதி இல்லை, முதலில் அதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஹாட் யாய் தெற்கே, மலேசிய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நமக்கு வடகிழக்குப் பருவமழை பெய்கிற அதே மாதங்களில்தான் அங்கேயும் கொட்டும். 2025ல் ஒரே நாளில் 335 மில்லிமீட்டர். பக்கத்து மலைகளிலிருந்து சில மணி நேரத்தில் இறங்கி வந்து ஊரை நிரப்பிவிடும். 2000லும் 2010லும் அதே ஊர் இதேபோல் மூழ்கியிருக்கிறது. அங்கே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கொடி ஏற்றி எச்சரிக்கிற வழக்கம் உண்டு, ஆனால் பச்சையிலிருந்து சிவப்புக்குப் போக எடுக்கும் நேரம் மூட்டை கட்டக்கூடப் போதாமல் போகலாம்.

பதும் தானிக்கு வருவது வேறு மாதிரி. அது தேதி சொல்லிவிட்டு வருகிற வெள்ளம். 2011ல் ஜூலைக் கடைசியில் நாக்-டென் புயல் தொடங்கி வைத்தது, அடுத்தடுத்து ஹைதாங், நேசாத், நால்கே என்று வரிசையாக வந்து வடக்கே கொட்டின. பூமிபோல் அணை என்று ஒன்று இருக்கிறது, நம் மேட்டூர் அணையைப் போல ஐந்து மடங்கு பெரியது. அதுவும் சிரிகிட் அணையும் அக்டோபர் தொடக்கத்தில் ஏறக்குறைய நிரம்பிவிட்டன, திறந்துவிடுவதைத் தவிர வழியில்லை. முன்பே திறந்திருக்க வேண்டாமா என்று அங்கே இன்றும் சண்டை நடக்கிறது. செம்பரம்பாக்கத்தை வைத்து நாம் போட்டோமே, அதே சண்டைதான். நகோன் சவான் என்ற ஊரில் ஆறுகள் ஒன்றுசேர்ந்து சாவ் பிரயாவாகக் கீழே இறங்குகின்றன. அந்த அக்டோபரில் அங்கே விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் போனது. கீழே ஆற்றுக்கு அந்தக் கொள்ளளவு கிடையாது. மிச்சமெல்லாம் கரை தாண்டி வயல்வெளியில் ஒரு தாம்பாளத்தில் ஊற்றிய மாதிரி பரவி, மெதுவாகத் தெற்கே நகர்ந்தது.

எவ்வளவு மெதுவாக என்று சொன்னால் சிரிப்பீர்கள். அயுத்தயாவில் ரோஜனா தொழிற்பேட்டை அக்டோபர் 9 வாக்கில் மூழ்கியது. எங்களுக்குச் சற்று வடக்கே இருந்த நவ நகோர்ன் தொழிற்பேட்டை அக்டோபர் 17ல் போனது. நடுவில் முப்பது கிலோமீட்டர் சொச்சம், அதைக் கடக்க எட்டு நாள். ஒரு ஆமை சோம்பல் இல்லாமல் நடந்தால் முந்திவிடும். இருந்தும் என் சர்டிபிகேட்டுகளைத் தண்ணீரில் விட்டேன் என்றால் அதற்குத் தண்ணீர் காரணம் இல்லை, நான்தான் காரணம்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். அக்டோபர் 13 ராத்திரி. ஹாஸ்டலில் திடீரென்று எல்லோரும் ஓடுகிறார்கள், தாய்லாந்து மாணவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு படியில் இறங்குகிறார்கள். அமைச்சர் ஒருவர் தொலைக்காட்சியில் வந்து பான் பிராவ் மதகு உடைந்துவிட்டது, ரங்சித் பக்கம் இருப்பவர்கள் உடனே வெளியேறுங்கள் என்று சொல்லிவிட்டாராம். எனக்கு அந்த மொழியில் தெரிந்தது நன்றி, எவ்வளவு, காரம் வேண்டாம், இவ்வளவுதான். என்ன ஏது என்று ஒருத்தியைப் பிடித்துக் கேட்டு முடிப்பதற்குள் அதே அரசு, பயப்பட வேண்டாம், நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்று இன்னொரு அறிவிப்பு விட்டது. ஓடியவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் தளத்தில் இருந்த வெளிநாட்டுக்காரர்கள் எல்லோருக்கும், என்னையும் சேர்த்து, ஒரு அலட்சியம் வந்துவிட்டது. இவர்கள் இப்படித்தான் கத்துவார்கள், பல்கலைக்கழகம் மெயில் போடட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அந்த மெயிலுக்குக் காத்திருந்ததுதான் தப்பு. யாரையும் குறை சொல்லவில்லை, அங்கே நிர்வாகத்தில் இருந்தவர்களும் கடைசி வரை மணல் மூட்டை தூக்கியவர்கள்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், வளாகத்தைக் காப்பாற்றுவோம் என்று கரை கட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிர்வாகம், அந்தக் கரை நிற்காது என்று தானே எப்படி மெயில் போடும்? மதகைப் பற்றி அரசு ஒன்று சொல்ல, பாங்காக் நகர ஆளுநர் வேறொன்று சொல்ல, எந்த நிறுவனமும் கடைசி மணி நேரம் வரை நம்பிக்கையோடுதான் பேசும். அதனால் உங்கள் தங்கை தனக்கென்று ஒரு கோட்டை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். வடக்கே இன்ன இடம் மூழ்கினால் நான் கிளம்பிவிடுவேன், யார் என்ன சொன்னாலும் சரி. அமைதியாக இருக்கும் நாளில் போட வேண்டிய கோடு அது, தண்ணீர் வந்த பிறகு மனசு எதையாவது சொல்லித் தள்ளிப்போடும். எனக்கு அந்தக் கோடு நவ நகோர்னாக இருந்திருக்க வேண்டும். 17ஆம் தேதி கிளம்பியிருந்தால் பஸ்ஸில் உட்கார்ந்து போயிருப்பேன். 21ஆம் தேதி ராணுவ லாரியில் நின்றுகொண்டு போனேன்.

அந்த நான்கு நாளும் என்ன செய்தேன்? மணல் மூட்டை கட்டினேன். வாழ்க்கையில் அவ்வளவு பேர் சேர்ந்து அவ்வளவு சந்தோஷமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை, நேபாளம், வியட்நாம், மியான்மர், இலங்கை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்று எல்லோரும் வரிசையாக நின்று கைமாற்றினோம், சமையல்காரம்மா ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சோறு போட்டார். கரை உயர உயர நம்பிக்கையும் உயர்ந்தது. ஆனால் தண்ணீர் எங்கள் கரையைத் தாண்டி வரவில்லை. சாக்கடை வழியாக வந்தது. கழிவறையில் குமிழி விடும் சத்தம், அப்புறம் குளியலறைத் தரைத் துளையில் கறுப்புத் தண்ணீர், அப்புறம் தெருவில் மூடிகள் மெல்ல எழும்பின. வெளியே மூட்டைகள் அப்படியே கம்பீரமாக நிற்க, உள்ளே குளம். இதை எல்லா வெள்ளத்திலும் பார்க்கலாம், கழிவறை பேச ஆரம்பித்தால் உங்களுக்கு இருப்பது மணிக்கணக்குதான்.

என் அறை தரைத்தளம். ஊரிலிருந்தே இணையத்தில் பார்த்து முதல் மாடி என்று போட்டிருந்ததை நம்பிப் பதிவு செய்தேன். அமெரிக்காவில் எண்ணுகிற மாதிரிதான் தாய்லாந்திலும் எண்ணுவார்கள், அவர்கள் சான் நுங் என்று சொல்லும் முதல் தளம்தான் நம்முடைய தரைத்தளம். வாடகை குறைவாக இருக்கிறதே என்று நானும் அப்பாவும் போனில் பெருமைப்பட்டுக்கொண்டோம். தங்கைக்கு வீடு பார்க்கும்போது ஒரு வார்த்தை, மூன்றாம் தளமாவது கேளுங்கள், அது நம் கணக்கில் இரண்டாவது மாடி. அதற்கும் மேல் ரொம்ப உயரமும் வேண்டாம், மின்சாரம் நின்றால் லிஃப்ட் நிற்கும், பம்பு நிற்கும், குடிதண்ணீர்க் குடத்தை நாம்தான் தூக்க வேண்டும்.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். முக்கியமான சாமான்களை எல்லாம் அலமாரி மேல் ஏற்றி வைத்தேன், என் தலைக்கும் மேலே இருந்தது, அவ்வளவு தூரம் தண்ணீர் வராது என்று கணக்கு. வரவில்லைதான். ஆனால் மர அலமாரி மிதக்கும். மிதந்து, சாய்ந்து, மேலே இருந்ததை எல்லாம் தண்ணீரில் கொட்டிவிட்டுக் குப்புறக் கிடந்தது. ஃபிரிட்ஜும் அப்படித்தான், டிசம்பரில் வந்து பார்த்தபோது கட்டிலின் மேல் ஏறிப் படுத்திருந்தது. என் பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், வெளியே எங்கும் பிரதி இல்லாத ஒரு ஹார்ட் டிஸ்க், எல்லாம் அந்த அலமாரி மேல் இருந்தவை. ஒரு மாடி மேலே யார் அறையிலாவது கொண்டுபோய் வைத்திருந்தால் பத்து நிமிட வேலை. பாஸ்போர்ட் மட்டும் இடுப்பில் இருந்தது, அது என் புத்திசாலித்தனம் இல்லை, வங்கிக்குப் போகலாம் என்று அன்று காலை எடுத்து வைத்தது.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. புதிதாக ஒன்று வாங்கப் போனால் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏனென்றால் உலகத்துக்கே ஹார்ட் டிஸ்க் செய்து அனுப்பிய தொழிற்சாலைகளில் பெரிய ஒன்று எங்களுக்கு வடக்கே பாங் பா-இன்னில் இருந்தது, என்னுடையது முங்கிய அதே தண்ணீரில் அதுவும் முங்கிவிட்டது. இன்றைக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் இரண்டு இடத்தில் போட்டுவிடலாம். ஆனால் அசல் சான்றிதழ்களைத் தங்கை கொண்டுபோகவே வேண்டாம். சேர்க்கைக்கு அசல் கேட்டால் காட்டிவிட்டு, யாராவது ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்பட்டும்.

மறுபடியும் மொழிக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு அங்கேதான். அவர்கள் மொழியில் தண்ணீருக்கு நாம் என்று பெயர், வெள்ளத்துக்கு நாம் துவம். அந்த இரண்டு மாதத்தில் சுற்றிலும் நாம் நாம் என்று கேட்கும்போதெல்லாம் என்னைத்தான் சேர்த்துச் சொல்கிறார்களோ என்று ஒரு வினாடி தோன்றும். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் தாள்களில் எனக்குப் புரிந்தது எண்கள் மட்டும், அதிலும் வருடம் 2554 என்று போட்டிருக்கும், புத்த ஆண்டு. ஆங்கிலத்தில் வரும் செய்தி ஒரு நாள் தாமதமாக வரும், அதுவும் பாங்காக் நடுநகரத்தைப் பற்றி இருக்கும், நான் இருக்கும் வாய்க்காலைப் பற்றி ஒரு வரி இருக்காது. இப்போது படம் பிடித்தால் மொழிபெயர்க்கிற செயலி வந்துவிட்டது, பயன்படுத்தட்டும், ஆனால் மதகு பெயரும் வாய்க்கால் பெயரும் வரும்போது அது உளறும். அதைவிட மேல், வெள்ளம் வந்தால் எனக்குப் போன் போடு என்று சொல்லி வைத்த ஒரு தாய்லாந்து ஆள். வகுப்புத் தோழியோ, லேப் உதவியாளரோ, கீழே கடை வைத்திருக்கும் அம்மாவோ. எனக்கு லேப்பில் ஒரு பெண் இருந்தாள், அக்காலத்தில் அங்கே வெள்ளத் தண்ணீரைத் திமிங்கிலக் கூட்டமாக வரைந்து விளக்கிய அனிமேஷன் ஒன்று எல்லோரிடமும் சுற்றியது, அதை நிறுத்தி நிறுத்தி எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். நான் போகிறேன், நீயும் வா என்று 18ஆம் தேதியே கூப்பிட்டவளும் அவள்தான். நான்தான் மெயில் வரட்டும் என்றேன்.

சேர்ந்த முதல் மாதத்திலேயே மூன்று எண்களைப் போனில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்: பேரிடர்த் துறை 1784, அவசர மருத்துவம் 1669, சுற்றுலாப் போலீஸ் 1155. கடைசி எண்ணில் ஆங்கிலம் பேசுவார்கள், மாணவராக இருந்தாலும் உதவுவார்கள்.

சரி, வெளியேறினோம், எங்கே போவது? முதலில் எல்லோரையும் தம்மசாத் பல்கலைக்கழகத்தின் ரங்சித் வளாகத்துக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், அங்கே உடற்பயிற்சிக் கூடத்தில் பெரிய முகாம். சில நாளில் அந்த முகாமே மூழ்கி, அங்கிருந்தவர்களை ராஜமங்கலா விளையாட்டரங்கத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அரசின் வெள்ள நிவாரண மையம் டான் முவாங் விமான நிலையத்தில் இருந்தது, 25ஆம் தேதி விமான நிலையத்தை மூடினார்கள், மையமும் பிறகு இடம் மாறியது. தண்ணீர் போகும் திசையிலேயே ஒரு படி மட்டும் தள்ளிப் போய் நின்றால் இப்படித்தான் ஆகும். ஓடுவதென்றால் ஒரே மூச்சில் அது வராத இடத்துக்குப் போய்விட வேண்டும். நான் சுகும்விட் பக்கம் ஒரு நண்பன் அறையில் ஒரு வாரம் இருந்தேன், நடுநகரம் கடைசி வரை காய்ந்துதான் கிடந்தது. சீலோம் மாரியம்மன் கோயிலுக்குக்கூட ஒரு நாள் போனேன், பூக்கடை, கற்பூரம், கூட்டம் எல்லாம் வழக்கம்போல. நாற்பது கிலோமீட்டர் வடக்கே என் கட்டில் மேல் ஃபிரிட்ஜ். மேம்பாலங்களில் இரண்டு வரிசை, மூன்று வரிசையாகக் கார்களை நிறுத்தி வைத்திருந்தார்கள், கடைகளில் பாட்டில் தண்ணீரும் நூடுல்ஸும் மட்டும் கிடைக்கவில்லை, குழாயைத் திறந்தால் மஞ்சளாக ஒரு வாடையோடு வந்தது. அக்டோபர் 27லிருந்து 31 வரை அரசே விடுமுறை விட்டு மக்களை வெளியேறச் சொன்னது, அந்த நாட்களில் கடலும் ஏறியிருந்தது, ஆற்றுத் தண்ணீர் வடிய வழியில்லை. ஹுவா ஹின், பட்டாயா போன்ற கடற்கரை ஊர்கள் எல்லாம் ஆட்களால் நிரம்பி வழிந்தன. முன்னால் கிளம்பியவனுக்கு அறை கிடைத்தது, பின்னால் போனவன் மூன்று மடங்கு கொடுத்தான்.

கையில் ரொக்கம் இருக்கட்டும். ஒரு வாரச் சாப்பாட்டுக்கும் ஒரு பஸ் டிக்கெட்டுக்கும் போதுமான அளவு, சில்லறையாக. மின்சாரம் போனால் ஏடிஎம் பெட்டி வெறும் பெட்டி.

இப்போது யாரும் யோசிக்காத ஒன்று, விசா. என்னோடு படித்த நேபாளத்து நண்பன் அம்மா அழுகிறாள் என்று அவசரமாக டிக்கெட் போட்டு ஊருக்குப் பறந்துவிட்டான். தாய்லாந்தில் மாணவர் விசாவை ஒரு வருடம் நீட்டித்து வைத்திருப்பார்கள், ஆனால் ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது திரும்பி வருவதற்கான அனுமதி, வாங்காமல் நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் அந்த நீட்டிப்பு அப்படியே செத்துவிடும். வெள்ளம், உயிர் பயம், எதுவும் கணக்கில்லை. அவன் டிசம்பரில் திரும்பி வர முதலிலிருந்து விசா எடுக்க வேண்டியிருந்தது, மூன்று வாரம் போனது. ஒரு தடவைக்கான பெர்மிட் 1,000 பாட், பல தடவைக்கு 3,800. சுவர்ணபூமி விமான நிலையத்திலேயே வாங்கலாம், ஆனால் பதற்றத்தில் யாருக்கு ஞாபகம் வரும்? வெள்ளப் பேச்சு வரும் முன்பே வாங்கி பாஸ்போர்ட்டில் குத்தி வைத்துவிடட்டும். 90 நாளுக்கு ஒரு தடவை முகவரியைத் தெரிவிக்கும் கடமையும் வெள்ளத்துக்காகத் தானாகத் தள்ளிப்போகாது, தவறினால் 2,000 பாட் அபராதம். வேறு முகவரிக்குப் போய்த் தங்கினால் அந்த வீட்டுக்காரர் குடிநுழைவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், பெரும்பாலும் செய்ய மாட்டார்கள், நாம்தான் நச்சரிக்க வேண்டும். பாஸ்போர்ட்டே தொலைந்தால் முதலில் போலீசில் புகார், அப்புறம் சுகும்விட் சோய் 23ல் இருக்கும் இந்தியத் தூதரகம். அங்கே கொடுக்கும் எமர்ஜென்சி சர்டிபிகேட் ஊர் திரும்ப மட்டும்தான் உதவும், படிப்பைத் தொடர வேண்டுமென்றால் புது பாஸ்போர்ட்டுக்கே விண்ணப்பித்து, விசாவை அதற்கு மாற்ற வேண்டும்.

தண்ணீரில் நடக்கிற விஷயத்தில் அம்மாக்கள் பாம்பையும் முதலையையும் நினைத்துப் பயப்படுவார்கள். பண்ணைகளிலிருந்து முதலை தப்பியதும் உண்மை, கொடிய பாம்பு தப்பிவிட்டதாகப் பெரிய வதந்தி ஓடியதும் உண்மை. ஆனால் அந்த வெள்ளத்தில் இறந்த 800க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலானவர்கள் நீரில் மூழ்கி இறந்தவர்கள், அடுத்து மின்சாரம். தண்ணீர் வருவதற்கு முன் மெயின் ஸ்விட்சை இறக்காமல் யாரும் தரைத்தளத்தில் கால் வைக்கக் கூடாது, தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கக் கூடாது, நீச்சல் தெரிந்தவன் என்ற தைரியத்தில் வாய்க்கால் ஓரம் போகக் கூடாது, ஏனென்றால் எது சாலை எது வாய்க்கால் என்று மேலே இருந்து பார்த்தால் தெரியாது. சேற்றுப்புண் எல்லோருக்கும் வந்தது, அவர்கள் அதைத் தண்ணீர் கடித்த கால் என்பார்கள். காலில் வெட்டுக்காயம் இருந்து அந்தத் தண்ணீரில் நடந்து, ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், மருத்துவரிடம் வெள்ளத்தில் நடந்தேன் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

அப்புறம் நிவாரணப் பை. துங் யாங் சீப் என்று ஒரு பை கொடுப்பார்கள், அரிசி, மீன் டப்பா, நூடுல்ஸ், மெழுகுவர்த்தி. அது அந்த நாட்டு ஏழைகளுக்கு, நமக்கு எதற்கு என்று நானும் இரண்டு பேரும் வரிசையிலிருந்து தள்ளி நின்றோம். முந்தின நாள் வரை எனக்குச் சோறு விற்ற அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்து வரிசையில் நிறுத்தினார். யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை, எந்த நாடு என்றும் கேட்கவில்லை. தங்கை சைவமாக இருந்தால் ஜே என்ற எழுத்தை மட்டும் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும், மஞ்சளில் சிவப்பாக எழுதியிருக்கும், அதில் கறி மீன் இருக்காது.

அம்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் என்னைவிட அதிகம் தவித்தது அவர்தான். டான் முவாங்கில் விமானங்கள் தண்ணீரில் நிற்கிற காட்சியைத் தொலைக்காட்சியில் இருபது தடவை காட்டினார்கள், அவர் இருபது தடவையும் போன் போட்டார், என் பேட்டரி அதிலேயே தீர்ந்தது. வெள்ள நாட்களில் தினமும் இத்தனை மணிக்கு ஒரு செய்தி, நன்றாக இருக்கிறேன், இன்ன இடத்தில் இருக்கிறேன் என்று இரண்டு வரி, வீட்டில் ஒரே ஆளுக்கு. அந்த ஆள் மற்றவர்களுக்குச் சொல்லட்டும். மற்ற நேரம் போன் அணைந்தே இருக்கும், அதற்குப் பதற வேண்டாம் என்று இப்போதே பேசி வையுங்கள். அந்த ஆள் நீங்களாக இருந்தால் நல்லது, அம்மா வேண்டாம்.

தண்ணீர் எங்கள் பக்கம் வடிய ஆறு வாரம் ஆனது. திரும்பிப் போன நாளைப் பற்றி விரிவாக எழுதப் பிடிக்கவில்லை. அந்த வாடை துணியிலிருந்து போக மாதங்கள் ஆயின, புத்தகங்கள் ரொட்டி மாதிரி ஊதியிருந்தன, சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை. சுத்தம் செய்வதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளாமல் விட்டேன், அதனால் வாடகை முன்பணத்தில் கதவுக்கும் கட்டிலுக்கும் பிடித்துக்கொண்டபோது என்னால் எதுவும் பேச முடியவில்லை. உள்ளே குடியேறும் நாளில் ஒரு தடவை, வெள்ளத்துக்குப் பிறகு ஒரு தடவை, மூலை முடுக்கெல்லாம் படம் எடுத்துத் தேதியோடு வைத்திருக்கட்டும். முகமூடி, கையுறை இல்லாமல் பூஞ்சையைத் துடைக்க வேண்டாம், நான் துடைத்து ஒரு மாதம் இருமினேன்.

படிப்பு? பருவம் தள்ளிப்போனது, எல்லோருக்கும் சேர்ந்துதான் தள்ளிப்போனது, யாரும் வருடத்தை இழக்கவில்லை.

2011க்குப் பிறகு அங்கே தொழிற்பேட்டைகளையும் சில வளாகங்களையும் சுற்றி உயரமான கரை கட்டியிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய தண்ணீர் அடுத்த வருடமே வரும் என்று நான் நினைக்கவில்லை, வரவே வராது என்றும் சொல்ல மாட்டேன். வீடு பார்க்கும்போது தரகரிடம் வெள்ளம் வருமா என்று கேட்காதீர்கள், வராது என்றுதான் சொல்வார். 2011ல் இந்தக் கட்டடத்தில் எதுவரை வந்தது என்று கேளுங்கள். அந்தப் பக்கத்தில் அப்போது இருந்த எல்லோருக்கும் அது தெரியும், கையைத் தூக்கி இதோ இவ்வளவு என்று காட்டுவார்கள். சில பழைய சுவர்களில் கோடு இன்னும் இருக்கும், வெள்ளை அடித்தாலும் ஈரம் மேலே வந்து காட்டிக்கொடுக்கும். எங்கள் ஹாஸ்டல் படிக்கட்டுப் பக்கச் சுவரில் அது என் சட்டையின் மூன்றாவது பொத்தானுக்கு நேரே இருந்தது.